வியாழக்கிழமை நோம்பி

கடையில் ஒருவருக்குத் தேயிலைத்தூள் நிறுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அமெரிக்காவிலிருந்து என் கணவரின் அண்ணன். எப்போதும் முதலில் தூள் என்ன விலை போகிறது என்று கேட்பவர் அன்று கேட்கவில்லை.

"அம்மணி, கமலா போயிட்டா" என்றார்.

காலையில் வேலைக்குக் கிளம்பி, காலணி மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லையாம். காரியமெல்லாம் அங்கேயேதான் என்று சொல்லிவிட்டு அழுதார்.

எங்கள் கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளே போய் அத்தையிடம் சொன்னேன். மூத்த மருமகளுக்காக அவர் எழுப்பிய ஓலம் கேட்டுக் கோத்தகிரி கடைவீதியில் பாதிப் பேர் வாசலில் கூடிவிட்டார்கள். அந்த நேரத்திலும் என் மனத்தில் ஓடியது இதுதான்: நான் போனால் அத்தை இப்படி அழுவாரா?

கமலவேணி அக்கா என் ஓரகத்தி. அவர் உயிரோடு இருந்தவரை அவரிடம் நான் சொல்லாத ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதலாம். ஆனால் அவர்மேல் எனக்கு இருந்த பொறாமையை விட்டுவிட்டு எழுதினால் அது யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

பொறாமை கல்யாண மண்டபத்திலேயே தொடங்கியது. பொள்ளாச்சியிலிருந்து என்னுடன் வந்த என் பெரியம்மாக்களும் அத்தைகளும் மாலைக்குள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவர் இருக்கும் இடத்தில் பேச்சு சூடு பிடிக்கும். அது எனக்கு வராது.

பிறகு பச்சைத் தேயிலை விலை சரிந்தது. பறிக்கும் கூலிக்கே கட்டவில்லை என்று பலர் செடிகளை அப்படியே வளரவிட்டார்கள். அக்காவின் கணவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தேயிலை ஃபேக்டரியை மூடினார்கள். அக்காவின் தம்பி முன்பே அமெரிக்காவில் இருந்தார். அக்காவையும் கணவரையும் அங்கே வரவழைக்க அவர் எப்போதோ போட்டுவைத்த விண்ணப்பம் அந்தச் சமயம் பார்த்துக் கைகூடியது. வழியனுப்ப மேட்டுப்பாளையம் வரை போனேன். கீழே இறங்கியதும் அக்கா தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"நீ போட்டுக்க. அங்க வேற வாங்கிக்கறேன்."

அந்த 'அங்க' என்ற சொல் மலையேறும் வழியெல்லாம் என்னைக் குத்தியது. ஸ்வெட்டர் நல்ல கதகதப்பாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

எம்.காம். படித்தவர் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பெரியவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டும் வேலைக்குப் போனார். ஞாயிறுதோறும் போனில் பேசுவார். தேங்க்ஸ்கிவிங் என்று அங்கே கொண்டாடும் நன்றித் திருநாள் அவருக்கு முதன்முதலாக வந்த கதையை அத்தை போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். கூட வேலை பார்க்கும் ஓர் அம்மாள் விருந்துக்கு அழைத்திருக்கிறார். பண்டிகை, எங்கள் பேச்சில் நோம்பி, என்றதும் அக்கா இருட்டோடு எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் புடவை கட்டி, கேசரி கிளறி எடுத்துக்கொண்டு விடிகிற நேரத்தில் போய் மணியடித்திருக்கிறார்.

"அந்தம்மா நைட்டியோட கொட்டாவி விட்டுட்டு வந்து நிக்குது. விருந்து சாயங்காலமாமா அத்தை! வான்கோழிக்கு இன்னும் அடுப்பே பத்த வெக்கல. அதென்ன, எம் புடவையப் பாத்து யாருக்குக் கல்யாணம்னு கேக்குது."

அந்த வான்கோழியை அவர் கடைசிவரை ருசி பார்க்கவில்லை. வியாழக்கிழமைகளில் அவர் கறி தொடமாட்டார், குருபகவானுக்கு நேர்ந்துகொண்ட விரதம். அந்தத் திருநாளோ ஆண்டு தவறாமல் வியாழக்கிழமைதான் வரும். "எந்த ஊரு நோம்பிங்க இது, என்ற விரதத்துமேலயே கண்ணா இருக்குது" என்பார்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு கார்த்திகையில் அக்கா தனியாக வந்தார். அந்த நோம்பியை இங்கேயும் கொண்டாட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி என்று எங்கள் மலைக் காய்களையே சமைத்தோம். என் கணவரும் அத்தையும் உட்கார்ந்தார்கள். நான் கரண்டியோடு நின்றேன்.

"பரிமாறறவளும் உக்காரணும் அம்மணி. அதான் அந்த நோம்பியே" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். ஆளுக்கொன்றாக, எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டுமாம்.

"அப்பளத்துக்கு" என்றார் என் கணவர்.

அத்தை யோசிக்கவே இல்லை. "எங்க கமலா அனுப்பிச்ச கம்பளிக்கு. அது மட்டும் இல்லீன்னா இந்தக் குளுருல நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்."

அத்தையின் காலடியில் தினமும் வெந்நீர்ப் பையை வைப்பவள் நான். அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பவள் நான். கம்பளி கடல் தாண்டி வந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது.

என் முறை வந்தது. "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

என் கணவர் அப்பளத்தை நொறுக்குவதை நிறுத்தினார். அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். "செரி அம்மணி, உன்ற முறை இருக்கட்டும். எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை என் பக்கம் நகர்த்தினார்.

பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார். "அங்க பஸ்ஸ விட்டு எறங்கறப்பக்கூட டிரைவருக்குத் தேங்க்யூ சொல்றாங்க. மொதல்ல எனக்குச் சிரிப்பா வந்துச்சு. நாமெல்லாம் வாயில சொல்லமாட்டோம், செஞ்சு காட்டுவோம்னு பெருமையா நெனச்சேன். அப்பறம் யோசிச்சா, நாம செஞ்சும் காட்டறதில்லீல்ல?"

நான் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். "அவங்களுக்கு அது வருசத்துல ஒரு நாளு. பொழைக்கப் போன நாங்க வருசம் பூராவும் நன்றி சொல்லோணும். இருக்க விட்டீங்களேன்னு, வேல குடுத்தீங்களேன்னு. சொல்லிச் சொல்லி வாயி வலிக்குது. அதனாலதான் இங்க வந்து, மனசார ஒருக்காச் சொல்லிப் பாக்கலாம்னு ஆசப்பட்டேன்." பிறகு சட்டென்று, "நீ உங்கம்மா ஊட்டுக்குப் போயி எத்தன நாளாச்சு? நாளைக்குக் கெளம்பு. இங்க நான் பாத்துக்கறேன்" என்றார்.

போனேன். பொள்ளாச்சியில் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். வெயில் படும் இடமாகப் பாய் போட்டுத் தூங்கினேன். எழுந்து வீட்டுக்குப் போன் செய்தால் பின்னணியில் அத்தையின் சிரிப்பு. என் வேலையையும் அவர் என்னைவிட நன்றாகச் செய்கிறார் என்று அங்கேயும் வெந்தேன்.

திரும்பி வந்த அன்று அத்தை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டியா கண்ணு! இவ வெக்கற ரசத்த வாயில வெக்க முடியல. ஒரே புளி. வெந்நி கேட்டா ஒரு நாளு கொதிக்குது, ஒரு நாளு பச்சத்தண்ணி. உன்ற கை யாருக்கும் வராது."

இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. சமையலறையில் அக்காவைப் பார்த்தேன். கைப்பக்குவத்துக்குப் பெயர் போனவர்.

"வேணும்னே புளியக் கூட்டுனீங்களா அக்கா?"

"பின்ன? நல்லா வெச்சிருந்தா உன்னைய எவ தேடுவா?" என்று கண்ணடித்தார்.

அவருடைய பேச்சு, படிப்பு, பயணம் எல்லாவற்றின்மீதும் எனக்குப் பொறாமைதான். ஆனால் அந்தப் புளி ரசத்தின்மேல் வந்த பொறாமை போல வேறெதிலும் வரவில்லை. இன்னொருத்தியின் மதிப்பு ஏறுவதற்காகத் தன் கைப்பக்குவத்தை இறக்கிக் காட்டும் மனம் எனக்கு வாய்க்கவில்லையே என்று அன்று அடுப்படியில் நின்று வெந்தேன். நன்றி நாக்குவரை வந்தது. பொறாமை அதைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை அவர் பஸ் ஏறிவிட்டார்.

பதினாறாம் நாளுக்கு இங்கேயும் வீட்டோடு ஒரு படையல் வைத்தோம்; அது வியாழக்கிழமை விழுந்தது. படையலுக்குக் கோழி எடுத்து வரக் கிளம்பிய என் கணவரை அத்தை தடுத்தார். "வேண்டாஞ்சாமி. வியாழக்கிழம. அவ தொடமாட்டா." பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மணி, ரசம் அவ வெச்ச மாதிரியே வெய்யி. அந்தப் புளி ரசம்."

வாயில் வைக்க முடியாத ரசத்தைக்கூடக் கேட்டு வாங்கும்படி ஒரு மனுஷி வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார். புளியை அள்ளிக் கரைத்தபோதும் எனக்கு அவர்மேல் பொறாமைதான்.

படத்தின்முன் இலை போட்டேன். பரிமாறிவிட்டு, அவர் அன்று இழுத்து உட்காரவைத்த மாதிரி, நானும் பக்கத்தில் ஓர் இலை போட்டு உட்கார்ந்தேன். அத்தை தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார்.

அக்கா, பொறாமை தீர்ந்தபின் சொல்லலாம் என்றிருந்தேன். அது தீராது போலிருக்கிறது. அதனால் அதோடு சேர்த்தே சொல்கிறேன். பொள்ளாச்சியில் நான் வெயிலில் தூங்கிய அந்தப் பகல்களுக்கு நன்றி. என் முறை முடிந்தது.

போய் வாருங்கள். ரசம் புளிக்கிறது. நீங்கள் வைத்த அளவுக்கு இல்லை.