மைக்கில் விழுந்த முனகல்

கல்யாண மேடை, ஓட்டல் வரவேற்பறை, சாவு வீடு, ஒலிப்பதிவுக் கூடம் என்று வயலினைத் தூக்கிக்கொண்டு அவர் போகாத இடமில்லை. வாசிக்கும்போது தன்னையறியாமல் பாட்டை முனகுவார். 'முனகல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. “வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களாண்ணே? மைக்ல விழுது” என்று ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொள்வார். இசை எங்கிருந்துதான் வருகிறது என்று யாராவது கேட்டால், “தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?” என்று எரிந்து விழுவார்.

தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் குரல் அடியோடு போயிற்று.

தேறி வந்து முதன்முதலாக வாசித்த அன்று, ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் கத்தினார்: “அண்ணே, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?” கேட்ட பிறகுதான், அண்ணனுக்குக் குரலே இல்லை என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கூடத்தில் வேறு யாருமில்லை.

பதிவை ஓடவிட்டார்கள். அதே முனகல், அவருடைய பழைய குரல். ஆனால் அது வயலினின் பின்னால் வரவில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு ஸ்வரம் முன்னால் போனது. இத்தனை காலமும் தான் வெறும் பக்கவாத்தியம்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பாட்டு முடிந்து வயலின் நின்றது. முனகல் மட்டும் அடுத்த வரியைத் தொடங்கி, அவருக்காகக் காத்திருந்தது.