வழிக்கு மதிப்பெண் இல்லாத கணக்கு

விடையைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொல்லும் கணக்கை அமெரிக்காவுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். கல்லூரி நூலகத்தில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வின் மாதிரித் தாளைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்று கேள்வி. கீழே இரண்டு தகவல்கள். நேரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்வதற்கு அந்தத் தகவல்கள் போதுமா, போதாதா என்று பார்த்து ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கினால் சரி. பொறியியல் படித்தவனுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா! எம்.பி.ஏ. படித்தால் என்ன என்ற எண்ணம் அந்த நொடியில் பிறந்தது.

தேர்வில் அந்தப் பகுதிதான் என்னைக் கவிழ்த்தது. திருவள்ளூர்ப் பள்ளியில் விடை தப்பானாலும் வழி சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் உண்டு. கைக்கு அதுவே பழக்கம். போதும் என்று தெரிந்த பிறகும் வினாத்தாளின் ஓரத்தில் தொட்டியை நிரப்பி, விடைக்கு அடிக்கோடும் போட்டேன். மணி அடித்தபோது பாதிக் கட்டங்கள் வெள்ளையாகக் கிடந்தன. தாளை வாங்க வந்த அம்மையாரிடம் ஓரங்களைக் காட்டி, வழியெல்லாம் இங்கே இருக்கிறது என்றேன். கிறுக்கியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "கவலைப்படாதே, அதையெல்லாம் யாரும் பார்க்கப் போவதில்லை" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இந்தப் பழக்கம் ஊரிலேயே தொடங்கியது. அங்கே முனிரத்தினம் என்றொரு நண்பன். கும்மிடிப்பூண்டியில் புதிதாகத் திறந்த தொழிற்சாலைக்கு இருவரும் வேலை கேட்டுப் போனோம். பேசின் பிரிட்ஜில் வண்டி மாற வேண்டும். அந்த வண்டியைப் பிடித்துவிடலாமா என்று கேட்டான். வேப்பம்பட்டு தாண்டும்போதே வேகம், தூரம் என்று ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னாடா பேஜாரு பண்றே? வண்டி கெடைக்குமா, கெடைக்காதா? அத்த மட்டும் சொல்லு. நான் மணியா கேட்டேன்?"

இறங்கியதும் அவன் ஓடிப்போய் ஏறிவிட்டான். வண்டி கிடைக்காது என்று வந்த கணக்கு எங்கே பிசகியது என்று நான் மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை அவனுக்குக் கிடைத்தது.

இங்கே என் படிப்பு இந்த வசந்தத்தோடு முடிகிறது. அடுத்த படிப்புக்கு இடம் கிடைக்காவிட்டால் விசாவும் முடியும். திரும்பி வந்தால்தான் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கும் அந்த வரிசையிலிருந்து தப்பித்துத்தானே வந்தேன்? அதன் கடைசியில் போய் மறுபடி நிற்க எனக்குத் தெம்பில்லை. அதனால் பித்துப் பிடித்தவன்போலப் பயிற்சி செய்கிறேன். சாப்பிடும்போதுகூடத் தாளைப் பார்த்துப் போதும், நிறுத்து என்று வாய்விட்டே சொல்லிப் பார்க்கிறேன். அறைத்தோழன் சாப்பாட்டைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துத் தட்டை எடுத்துப் போகிறான். கை மட்டும் நிற்பதில்லை.

நாளை மறுபடியும் தேர்வு. கடைசியாக ஒன்று செய்து பார்க்கப் போகிறேன். பென்சிலை இடக்கையில் பிடிப்பேன். சின்ன வயதில் அதில்தான் எழுத எடுத்தேன்; அடித்து வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள். எழுத வராது, கூட்டக் கழிக்க வராது, கட்டத்தைக் கறுப்பாக்க மட்டும் வரும். திருவள்ளூரில் படித்த வலக்கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன்.