பதினோராம் நம்பர் சீட்டு

துணி ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைகளைக் கடைசியாகச் சரிபார்த்து அனுப்புகிறவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். காஜாவில் ஒரு நூல் விலகியிருந்தாலும் சட்டை தைத்தவள் மடிக்கே திரும்பிப் போகும்.

"கட்டிக்கிட்ட புருஷனைக்கூட இவ்வளவு உத்துப் பாத்திருக்க மாட்டா" என்று பட்டன் தைக்கிறவள் முணுமுணுப்பாள்.

"பாத்திருந்தா கட்டியிருப்பேனாடி?" என்பாள் இவள்.

பார்த்து முடித்த சட்டையின் பையில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகுவாள். மேலே ஊர்ப் பெயரோடு கம்பெனி முத்திரை, கீழே அவள் நம்பர் பதினொன்று. குறை இருந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை அதைச் செய்துகொண்டிருக்கிறது.

அப்புறம்தான் நம் நாட்டுப் பெரிய மனுஷர்களுக்கும் சட்டை வாங்குகிற நாட்டுப் பெரிய மனுஷர்களுக்கும் வாய்த்தகராறு வந்தது. எதற்கென்று விடிய விடிய டிவி பார்க்கிறவர்களுக்கே விளங்கவில்லை. அவர்கள் நம் துணிக்கு வரியை ஏற்றினார்கள், நாம் பதிலுக்கு அவர்கள் இயந்திரத்துக்கு ஏற்றினோம். முதலில் மூடியது சாயப்பட்டறை. அங்கே வேலை பார்த்த அவள் புருஷன் நாலு மாதமாக வீட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான்.

முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து நாட்டுச் சரக்குக்கு அந்த வரி கிடையாதே, அங்கே தைத்ததாகச் சொல்லி அனுப்பினால் என்ன? காலரில் இருந்த நம் நாட்டுப் பெயரைப் பிரித்துவிட்டு அந்த நாட்டுப் பெயரைத் தைக்கச் சொன்னார். நாற்பது பெண்கள் ஒன்பது நாள் பிளேடும் கையுமாக உட்கார்ந்து ஆறாயிரம் சட்டைக்கு நாடு மாற்றினார்கள். கண் பூத்துப்போயிற்று, கழுத்து மரத்துப்போயிற்று. பெட்டியிலும் பெயர் மாறியது, பில்லிலும் மாறியது. பூதக்கண்ணாடி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, பழைய ஊசித்துளையாவது தெரிகிறதா என்று பார்த்தாள். பார்த்த கையோடு பையில் சீட்டையும் செருகினாள். செருகாதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை, பாவம்.

கடல் தாண்டி, சுங்கத்தில் எவனோ ஒரு சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டான். அவ்வளவுதான். சரக்கு மொத்தமும் திரும்பி வருகிறது.

சீட்டின் நகலோடு முதலாளி தையல் கூடத்துக்கே வந்துவிட்டார். மிஷின்கள் நின்றன.

"யாரு இந்தப் பதினொண்ணு?"

சூப்பர்வைசர் முந்திக்கொண்டான். "போன வாரம் நின்னுட்டாளே ஒரு புதுப் பொண்ணு, அவதான் சார்." சொல்லிவிட்டு, வாயைத் திறக்காதே அக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

திறக்காமல் இருந்திருக்கலாம். வேலை தப்பியிருக்கும். வீட்டில் கிடக்கிற மனுஷர் நினைவுக்கு வந்தார், கேஸ் சிலிண்டர் நினைவுக்கு வந்தது. நேர்மையால் எழுந்தாள் என்று நான் சொன்னால் அது பொய். ஒன்பது நாளாகப் பெயரை மாற்றி மாற்றி அவளுக்கு அலுத்துவிட்டது. இன்னொரு பெயரையும் மாற்ற உடம்பில் தெம்பில்லை.

"என் நம்பர்தாங்க. நான்தான் வச்சேன்."

கத்தப் போகிறார் என்று எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சவரம் செய்து நாலு நாள் இருக்கும்.

"வேணும்னு செய்யலன்னு தெரியும்மா. ஆனா யாரையாவது அனுப்பித்தானே ஆகணும். நாளையிலேருந்து வர வேண்டாம்."

"சரிங்க."

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா? அங்க சட்டையெல்லாம் பிரிச்சுப் பாத்தாங்களே, தையல்ல ஏதாவது குறை சொன்னாங்களா?"

அவர் கையிலிருந்த காகிதங்களை மறுபடி புரட்டிப் பார்த்தார்.

"இல்லம்மா. ஒரு குறையும் சொல்லல."

அதுவரை கல்லாக நின்றவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.