ஆலங்குடி பஸ்ஸில் என் கணவராக இருந்தவர்

எங்களைப் பிரித்துவைத்தபோது எனக்கு இருபது வயது. கண்மாய்த் தண்ணீருக்காக என் அண்ணனும் என் கணவருடைய அப்பாவும் கைகலந்து, அண்ணனுக்கு மண்டை உடைந்தது. இனி இந்த இரண்டு வீட்டுக்கும் உறவு வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி எங்களை அத்துவிட்டார்கள். என் கழுத்திலிருந்த தாலியை அம்மாவே கழற்றிக் கொடுத்தாள். எங்கள் இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்தின் மறு ஓரத்தில் அவர் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார்.

வீட்டில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் புதுக்கோட்டையில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முடித்ததும் ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் போய்வந்தேன். ஒரு திங்கட்கிழமை, காக்கிச் சட்டையும் தோளில் தோல்பையுமாக அந்த பஸ்ஸில் அவர் நின்றிருந்தார். நிலத்தை அப்பாவிடமே விட்டுவிட்டுக் கண்டக்டர் வேலைக்கு வந்திருந்தார்.

பஸ்ஸில் பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவர் என் அருகில் வந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "எங்கங்க போகணும்?" என்றார்.

வீட்டில் என்னை "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதை என்னை எங்கோ தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. அவர் கேட்பார், நான் சொல்வேன், அவ்வளவுதான். அதற்காகக் காலையில் பார்த்துப் பார்த்துத் தலை சீவினேன். லீவு நாட்களை வெறுத்தேன். வண்டி பள்ளத்தில் இறங்கிச் சாயும்போது அவர் என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவருக்குப் பதிலாக வேறு கண்டக்டர் வந்தார். அவரைக் கோட்டைப்பட்டினம் வண்டிக்கு மாற்றிவிட்டார்களாம். வீட்டில் அவருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று பின் சீட்டில் யாரோ பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கோட்டைப்பட்டினம் வண்டியில் ஏறி, அந்த ஊருக்கே டிக்கெட் கேட்டேன்.

"அங்க யாருங்க இருக்காங்க?" என்றார்.

"யாரும் இல்ல. நீங்க போற ஊருன்னு வந்தேன்."

டிக்கெட்டைக் கிழிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

வண்டி திரும்பும்வரை, கருவாடு காய்ந்த மணலில் நின்று பேசினோம்.

"பொண்ணு பாக்குறாங்களாமே?"

"பாக்குறாங்க. நான் போகல."

"என்னைய வந்து கேட்டிருக்கலாம்ல?"

"கூட்டத்துல வாயத் தொறக்காம நின்னவன் நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒன்னக் கேக்குறது?"

'ஒன்ன' என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இப்பக் கேளுங்க" என்றேன்.

ஒரு சின்னக் கோயிலில் மறுபடி தாலி கட்டினார். இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. ஊர் தீர்த்துவைத்ததை மீறியவர்கள் என்று எங்களை ஒதுக்கினார்கள். எனக்கு மாறுதல் கிடைக்கவும் நாளானது. நான் ஆலங்குடியில் ஒரு டீச்சருடன் அறை எடுத்துத் தங்க, அவர் கோட்டைப்பட்டினத்தில் இருந்தார். கல்யாணமான பிறகும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக்கிடந்தேன்.

மாறுதல் வந்து சாமான்களோடு போய் இறங்கியபோது, வீடு கொடுத்த முஸ்லிம் அம்மா, "புதுசாக் கல்யாணம் ஆனவங்களாம்மா?" என்று கேட்டார். அவர் "ஆமாங்க" என்றார். நான் "இல்லைங்க" என்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

எங்கள் வாழ்க்கை நன்றாகவே நடந்தது. ஆனால் என் அம்மா கடைசிவரை அந்த வீட்டுக்கு வரவில்லை. கடலோரம் வண்டி வந்து நிற்கும்போதெல்லாம், அவளும் இறங்குகிறாளா என்று வாசலில் நின்று பார்ப்பேன்.