வெறுங்குலை போன வழி

நான் கல்யாணமாகி வந்த மலேசியாவின் கோலசிலாங்கூர்த் தோட்டத்தில் எல்லாமே புகைக்குள் மிதக்கும். செம்பனைப் பழத்தை எண்ணெய்க்காக உதிர்த்தெடுத்த பிறகு மிஞ்சும் வெறுங்குலைகளை ஆலைக்குப் பின்னால் சூளையில் குவித்து எரிப்பார்கள். எரிப்பவர் என் கணவர். காலையில் லயத்து வரிசைவீட்டு வாசலில் நின்றால் எதிர்வீடு தெரியாது, அந்த வீட்டு ரேடியோ மட்டும் கேட்கும். வெள்ளைத் துணியை வீட்டுக்குள்தான் காயவைப்பேன். "சூளைக்கு வாக்கப்பட்டவ" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்தப் புகை ஒழியாதா என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

ஒழிந்தது. எண்பதுகளின் நடுவில் வந்த புது மேனேஜருக்கு எதுவும் வீணாகக் கூடாது. பழம் இறக்கிய லோரி செம்பனைக் காட்டுக்குச் சும்மாதானே திரும்புகிறது. அதிலேயே வெறுங்குலையை ஏற்றி மரத்தடியில் பரப்பினால் மண்ணுக்கு உரம், புகையும் இல்லை என்றார். சூளை அணைந்த அன்று வானம் எவ்வளவு நீலம்! கனவில் நடப்பவளைப் போல வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தேன். உள்ளே என் கணவர் சட்டை மாட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"சூளை இல்லன்னா எனக்கு என்னா வேல புள்ள? வேல போனா தோட்டம் குடுத்த இந்த வீடும் போயிரும் லா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மாசமாக வேறு இருந்தேன்.

பார்ப்போம் என்று, ஆட்களை மேய்க்கும் மண்டோர் அவரைக் குலை பரப்ப அனுப்பினார். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்தால் வண்டு பெருகிக் குருத்தைத் தின்றுவிடும். இவருக்கோ குவித்தே பழகிய கை. மத்தியானச் சோறு கொண்டுபோனபோது பார்க்கிறேன், மரத்துக்கு மரம் குவியல். மண்டோர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னாய்யா இது, தீக்குச்சி மட்டும்தான் பாக்கி! சாயங்காலம் வருவேன். இப்படியே கெடந்தா நாளைக்கு வராத."

சோற்றை மூடிவைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினேன்.

"வேணாம் புள்ள, நீ இருக்கிற நெலமையில..."

"பேசாம அந்தப் பக்கம் பிடிங்க" என்று சீறினேன்.

ஒவ்வொரு குவியலாகக் கலைத்தோம். ஈரக்குலையின் புளித்த வாசனை, ஓலை இடுக்கில் ஆடி ஆடி இறங்கிய வெயில், தூரத்தில் லோரிச் சத்தம். எவ்வளவு நேரம் போனதென்றே தெரியவில்லை.

சாயங்காலம் மண்டோர் வந்தார். மர நிரை முழுவதும் நடந்து பார்த்தார். "நாளைக்கு அடுத்த நெரையில ஆரம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். எப்போதும் புகை என்று சொல்லிச் சமாளிப்பார். அன்று சாக்குச் சொல்லப் புகை இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.