முகத்தைக் கொஞ்சம் இப்படித் திருப்பும்மா

பாசத்தை அவர் கையால் செய்தார். கோர்ட்டில் முறைத்துக்கொண்டு நின்ற அண்ணனும் தம்பியும் நேராக அவருடைய போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்தாலும் சரி, தோளோடு தோளை ஒட்டி நிறுத்தி, தம்பியின் கையை எடுத்து அண்ணன் முதுகில் வைத்துவிடுவார். படத்தைப் பார்ப்பவர்களுக்குக் கண் கலங்கும். தெருவே அவரைப் ‘பாசக்காரர்’ என்றுதான் கூப்பிட்டது.

“என் மாமியாரையே என் தோள்ல சாய வச்சுட்டீங்களே! வீட்டுக்கு வந்தும் இப்படியே இருக்கச் சொல்லுங்கண்ணே!” என்றாள் ஒருத்தி.

“கிளிக் வரைக்கும்தான் தங்கச்சி நம்ம கேரண்டி!”

அந்த மனிதரோடு அவருடைய ஒரே மகள் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியில் அவள் அம்மா கடைசி மூச்சை விட்டபோது, இவர் யாரோ ஒரு குடும்பத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அதை மகள் மன்னிக்கவில்லை. ஒரே ஒருமுறை அவள் ‘அப்பா’ என்று கூப்பிட மாட்டாளா என்று அந்த உள்ளம் ஏங்கியது.

ஒரு மத்தியானம் வந்துவிட்டாள். படம் எடுக்கிற அறையில், ஜன்னலோர முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்பா...”

“வாடா கண்ணு.”

“உங்க மேல கோவப்பட்டுக் கோவப்பட்டு அலுத்துப்போச்சுப்பா. எனக்குன்னு இனி யாரு இருக்கா?”

சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதாள்.

வாரி அணைத்துக்கொள்ளத்தான் எழுந்தார். ஐயோ, அந்தப் பாழாய்ப்போன கைகள்! ஆயுசுக்கும் செய்த வேலையையே அவை செய்தன. இரண்டு விரலை மகளின் முகவாயில் வைத்து, வெளிச்சம் விழும் பக்கம் மெல்லத் திருப்பின. சரிந்த துப்பட்டாவை நேராக்கின.

“முகத்தைக் கொஞ்சம் இப்படித் திருப்பும்மா.”

அழுகை சட்டென்று நின்றது.

“போட்டோ எடுக்கப் போறீங்களா?”

“இல்லடா... பழக்கம்... கை தானா...”

“நானும் உங்களுக்குக் கஸ்டமர்தான், இல்ல?”

“ரெண்டு அடி வேணா அடிச்சிரும்மா, போகாத!”

அவள் கையைப் பிடிக்கப் போனார். எப்படி நீட்டினாலும் அது போஸ் கொடுப்பதுபோல அவருக்கே பட்டது. பாதியில் கை அப்படியே நின்றது.

“இதுவும் படத்துல நல்லா வரும்ப்பா. அப்பா கூப்பிடுற மாதிரி,” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

ஓடிப்போய் மறித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதே தெருக்காரியான நானும் பிறகு அவரிடம் கேட்டேன்.

“மறிச்சு என்னம்மா சொல்றது? நில்லுங்க, சிரிங்க... எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்?” என்றார்.

அவள் பிறகு வரவில்லை. போன் செய்தால் எடுப்பதும் இல்லை.