ழகரம் பழகிய நாட்கள்

போன வாரம் எங்கள் பள்ளியில் ஆசிரியர் வேலைக்கு நேர்காணல் நடந்தது. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் ஒரு பெண் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கப் பக்கத்தில் போனேன். அவள் புடவையிலிருந்து அந்துருண்டை வாசம் வந்தது. யாருடைய பீரோவிலிருந்தோ அன்று காலையில்தான் வெளியே வந்த புடவை. அவ்வளவுதான், மனசு விருதுநகரை விட்டு அந்த நாளைய ஆமத்தூருக்குப் போய்விட்டது.

என் முதல் நேர்காணலுக்கு நான் கட்டிக்கொண்டு போனதும் அந்துருண்டை மணக்கிற புடவைதான். அக்காவுடையது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. கல்யாணமாகி ஆமத்தூருக்கு வந்தபோது சீர்சாமானோடு சாமானாக என்னையும் கொண்டுவந்துவிட்டாள் என்று மாமா சொல்லிச் சிரிப்பார். நல்ல மனிதர். படிக்க வைத்தார், ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் நான் தமிழில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்த வருடம் சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார். அவர்களுக்கு வேலைக்குப் போகிற பெண் வேண்டாமாம். அப்போதுதான் சிவகாசியில் ஒரு பள்ளிக்குத் தமிழாசிரியை தேவை என்று தெரியவந்தது. அக்கா அடுப்படியில் வைத்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"வேல கெடச்சிருச்சுன்னா மாமாகிட்ட நான் பேசிக்கிறேன். கெடைக்கலன்னா எனக்குப் பேச வாயில்ல, பாத்துக்கோ."

எனக்கும் வாயில்தான் பிரச்சினை. 'ழ' வராது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு வராது, அதை யாரும் குறையாக நினைப்பதும் இல்லை. பழம் பளந்தான், கிழவி கிளவிதான். ஆனால் நான் போவது தமிழாசிரியை வேலைக்கு. 'தமிள் டீச்சர்' என்று சொல்லிக்கொண்டு எந்த முகத்தோடு போய் நிற்பது? பி.எட். படிக்கும்போது பயிற்சி வகுப்பில் ஒருமுறை நான் வாழ்த்துச் சொல்ல, மேற்பார்வைக்கு வந்த பேராசிரியர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு இருமல் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. தினசரிக் காலண்டரின் தாள்கள் எல்லாம் அச்சுக்குப் போகுமுன் என் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை என்று நாள் முழுக்கக் கிழமைகள்தான். தாளில் ஒரு ழகரம் தப்பினால் என் கண் பிடித்துவிடும். வாயைத் திறந்தால் கிளமை.

சொல்லைச் சுற்றிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். 'தமிழ்' என்பதற்குப் பதிலாக 'நம் மொழி' எனலாம் என்று பார்த்தால், மொழியிலும் அதுவே உட்கார்ந்திருக்கிறது. 'பாஷை' என்று சொன்னால் கதவைக் காட்டிவிடுவார்கள். கடைசியில் பழகித்தான் ஆக வேண்டும் என்றாயிற்று.

வீட்டில் பழக முடியாது, அக்காவின் பிள்ளைகள் பின்னாலேயே சொல்லிக் கெக்கலி கொட்டின. எனக்கு வாய்த்தது வேன். ஆமத்தூரிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேன் அது. போகிற வழியில் என்னைச் சிவகாசியில் இறக்கிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்து, நாக்கை மேலே மடக்கி, "மழை, மழை" என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்த மாரியக்கா என் தொடையில் தட்டினாள்.

"ஏ தாயி, காலங்காத்தால அந்தப் பேச்ச எடுக்காத. வேற ஏதாச்சும் சொல்லு."

மழை விழுந்தால் வெயிலில் போட்ட சரக்கு காயாது. வேலை நின்றுபோகும், அன்றைக்குக் கூலியும் கிடையாது. வேனில் இருந்த அத்தனை பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மாரி என்றாலும் அதே அர்த்தந்தான் என்று அந்த அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவர்களே வேறு சொல் தேடிக் கொடுத்தார்கள். கழுதை. மறுநாளிலிருந்து நான் ஒரு கழுதை சொல்ல, வேன் முழுக்கப் பத்துக் களுதை பதில் வரும். டிரைவர் ஒருநாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "யாரத்தான் வையிறீக?" என்று வருத்தமாகவே கேட்டார். அப்புறம் அவரும் சேர்ந்துகொண்டார். அவருக்குக் கடைசிவரை வரவில்லை. எனக்கு ஒரு காலையில், பைபாஸ் திருப்பத்தில், தானாக வந்துவிட்டது. மாரியக்காதான் முதலில் கவனித்தாள். நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டாள்.

நேர்காணலில் தலைமையாசிரியை, செயலாளர் என இருவர்தான் இருந்தார்கள். செயலாளர் பெரிய வியாபாரக் குடும்பத்துக்காரர், வெள்ளைச் சட்டை. "எந்த ஊரு, தமிள் எங்கன படிச்சீக?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம். ஒவ்வொரு சொல்லையும் கோழிமுட்டையைப் போல எடுத்துவைத்தேன். ழகரம் வருமுன்னே நின்று, நாக்கைச் சரிசெய்து, சொல்லி, மூச்சுவிட்டு... தலைமையாசிரியை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஒடம்புக்கு முடியலையாம்மா?"

இல்லை என்றேன்.

"ழ நல்லா வருது. பேச்சுதான் வரல. சரி, ஏழாம் வகுப்புல போய் ஒரு பாடம் எடுங்க, பாப்போம்."

வேலை போனது என்று நினைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். புத்தகத்தைப் பிரித்து ஒரு பெண்ணை வாசிக்கச் சொன்னேன். அவள் எழுந்து வாசித்த வரியிலேயே 'மளை' வந்தது. பின் பெஞ்சில் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் காது சிவந்துபோயிற்று. நான் தயாரித்துக்கொண்டு போனதெல்லாம் அங்கேயே மறந்துபோனது.

"எதுக்குச் சிரிக்கீக? போன மாசம் வரைக்கும் எனக்கும் மளதான்" என்றேன். வேன் கதையைச் சொன்னேன். கழுதை வரும்போது வகுப்பே குலுங்கியது. மழையைச் சொல்லக்கூடாது என்று மாரியக்கா தட்டியதைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. வாசித்த பிள்ளை உட்காராமல் நின்றபடியே சொன்னாள்:

"எங்கம்மா வேன்லயும் அப்படித்தான் டீச்சர். யாராச்சும் மானத்த அண்ணாந்து பாத்தாலே வைவாக."

அதன்பிறகு ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். யார் வீட்டில் மழைநாளில் என்ன நடக்கும், யார் அம்மா அன்றைக்கு மட்டும் பகலில் வீட்டில் இருப்பாள், அது ஏன் சந்தோஷமாகவும் இருக்கும். எல்லோரையும் பேசவிட்டு, பிறகு நாக்கை மடக்கச் சொல்லி அதே வரியைச் சேர்ந்து வாசிக்க வைத்தேன். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை மணியடித்த பிறகுதான் பார்த்தேன். வெளியே வந்து, "திங்கக்கிழமை வந்துருங்க" என்றார். பிரசவ விடுப்பில் போன ஒரு டீச்சருக்குப் பதிலாக எடுக்கிற தற்காலிக வேலைதான். அக்காவுக்கு அது போதும். மாமாவிடம் என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, சாத்தூர் மாப்பிள்ளைப் பேச்சு அதோடு நின்றது. திங்கட்கிழமை காலையில் மாமாவே வண்டியை எடுத்து, என்னைப் பள்ளி வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

வேலை நிரந்தரமாகி, விருதுநகருக்கு மாறி, எத்தனையோ வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நாக்கை மடக்கச் சொல்லிக் கொடுத்தாயிற்று. இந்தப் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இலையில் பழம் வைத்துக்கொண்டே வந்தவள், எனக்கு மட்டும் எது வேண்டும் என்று விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்டாள். என் பேச்சுத்தான் அவளை அப்படி ஆக்கிவிட்டது என்று தோன்றியது. "அந்த நாட்டு வாளப்பளத்த வையிக்கா" என்றேன், பழைய மாதிரி. அக்காவின் பேரப்பிள்ளைகளெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் யாரையோ நடித்துக் காட்டுவதாக நினைத்துவிட்டார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "வேணாம், விடு. ஒனக்கு இப்ப அந்தப் பேச்சு ஒட்டல" என்று சொல்லிவிட்டு, பழத்தை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.